சட்டம் சார்ந்த தன்னார்வலர் வேலை: சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சேரவும் பணிபுரியவும் முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் எந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போனாலும் 'மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு' என்ற பலகை கண்ணில் படும். இலவச சட்ட உதவி கேட்டு அங்கே வருகிறவர் பெரும்பாலும் முதலில் பேசுவது நீதிபதியிடமும் இல்லை, வக்கீலிடமும் இல்லை. முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் சட்டம் சார்ந்த தன்னார்வலரிடம்தான். வந்தவர் சொல்வதைக் கேட்பது, அதை மனுவாக எழுதித் தருவது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டுமோ அங்கே சேர்ப்பது, பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அந்த முதல் அரை மணி நேரம் ஒழுங்காக நடந்தால் வந்தவருக்குப் பல மாத அலைச்சல் மிச்சம்.

இதற்குச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. தேதிகளைக் கேட்டு வாங்கவும், தாள்களைப் பிரித்துப் பார்க்கவும், எடுத்த விஷயத்தை முடியும்வரை விடாமல் தொடரவும் தெரிந்தால் போதும். மிச்சத்தைப் பயிற்சியிலும் புத்தகத்திலும் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வேலையின் சட்ட அடிப்படை

1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்தது. பணம் இல்லை என்பதற்காகவோ வேறு இயலாமையாலோ யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் இந்த உதவியை வாழ்வுரிமையோடு இணைத்துப் பேசியது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளைச் சட்டப்பணிகள் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ்தான் நம்முடைய பணி உருவானது.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. எதிரே நிற்கிறவர் "ஏதாவது உதவி பண்ணுங்கம்மா" என்று கையைக் கூப்பும்போது, அவர் கேட்பது சலுகை அல்ல, உரிமை என்று நமக்குள் தெளிவாக இருக்கும். அது நம் குரலிலும் தெரியும்.

யார் சேரலாம்?

எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு முன்னுரிமை. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், சமூகப்பணி மாணவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மருத்துவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் என்று திட்டமே ஒரு பட்டியல் தருகிறது. சட்டக் கல்லூரி மாணவர்களும் வரலாம், ஆனால் வக்கீலாகப் பதிவு செய்யும்வரைதான். சிறைக்குள் நன்னடத்தையோடு நீண்ட தண்டனை அனுபவிக்கிற படித்த கைதிகளையும் அங்கே உள்ளவர்களுக்கு உதவத் தன்னார்வலராக எடுப்பதுண்டு. அரசியல் கட்சியில் தீவிரமாக இயங்குகிறவர்களுக்கும் குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்கும் இடமில்லை.

மாவட்ட ஆணைக்குழு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். செய்தித்தாளிலும் மாவட்ட நீதிமன்ற இணையதளத்திலும் நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள். விண்ணப்பத்தோடு கல்விச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் கேட்பார்கள். பிறகு நேர்காணல். "ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பொதுவாகச் "சேவை செய்ய" என்று சொல்வதைவிட, உங்கள் ஊரில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோன தெரு, குழந்தைத் திருமணம் நடந்த வீடு, பட்டா மாறாத நிலம் என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்கிறவருக்கு நீங்கள் யார் என்று புரிந்துவிடும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது மாதச் சம்பள வேலை இல்லை. ஆணைக்குழு உங்களைப் பணிக்கு அழைக்கும் நாள்களுக்கு மதிப்பூதியம் கிடைக்கும். குடும்பத்தை இதை மட்டும் நம்பி நடத்த முடியாது. வேறு வருமானமோ வீட்டில் ஆதரவோ இருந்தால்தான் மன நெருக்கடி இல்லாமல் நீடிக்க முடியும்.

அலுவலகத்தில் யார் யார்?

மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் நீதிபதிதான். உங்களுக்குப் பணி ஒதுக்குவதும், நீங்கள் அறிக்கை கொடுப்பதும் அவரிடம்தான். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அங்குள்ள நீதிபதிகளில் மூத்தவர் அதற்குத் தலைவர். அப்புறம் பேனல் வக்கீல்கள், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்து ஏழைகளுக்காக வழக்கு நடத்துகிறவர்கள். 2022-க்குப் பிறகு பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேர சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்கள் அலுவலகம் தனியாகச் செயல்படுகிறது. கைது, ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு), ஜாமீன் எது வந்தாலும் அவர்களுக்குத்தான் முதல் தகவல் போக வேண்டும்.

முதல் வாரத்தில் படிக்க வேண்டியது

பயிற்சியில் நிறைய சட்டங்களின் பெயர்கள் வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயன்றால் எதுவும் தங்காது. முதலில் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12, 13-ஆம் பிரிவுகளை வரிவரியாகப் படியுங்கள். இலவச சட்ட உதவி யாருக்கு என்பது அங்கேதான் இருக்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமைக்கோ ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இந்தப் பட்டியலில் வராதவர்களுக்கு மட்டும்தான் மாநில அரசு நிர்ணயித்த வருமான உச்சவரம்பு பார்க்கப்படும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அது சட்டத்துக்கே விரோதம். பெண் என்ற ஒரு காரணமே அவருக்குத் தகுதி. வருமானம் பார்க்க வேண்டிய இடத்திலும்கூட, வருமானத்தைச் சொல்லி அவர் தரும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 13-ஆம் பிரிவு.

அடுத்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைது, முதல் தகவல் அறிக்கை, ஜாமீன் பற்றிய பகுதிகள். பழைய சட்டத்தின் எண்களோடு இன்னும் நிறையக் கையேடுகள் புழங்குகின்றன. மனுவில் பிரிவு எண் எழுதுவதற்கு முன் புதிய எண்ணைச் சரிபாருங்கள். அதன்பின் குடும்ப வன்முறைச் சட்டம் 2005, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. இவ்வளவு போதும், மற்றவை தேவை வரும்போது.

ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது

முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். வந்தவர் எங்கே ஆரம்பிக்கிறாரோ அங்கிருந்தே சொல்லட்டும். பெரும்பாலும் சட்டப்படி முக்கியமான இடத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், மனசு அதிகம் நொந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்தன் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான், நேற்று பாத்திரத்தையெல்லாம் தூக்கி வெளியே வீசினான் என்று அழுகிறார். கேட்டுக்கொண்டே இருந்தால் நடுவில் ஒரு வாக்கியம் வரும்: "அவர் லாரி மோதிச் செத்த பிறகுதான் இப்படி." அங்கேதான் நீங்கள் மெதுவாகக் கேள்வியை ஆரம்பிக்க வேண்டும். எந்தத் தேதியில் விபத்து? எந்த ஊர் எல்லை? போலீஸில் எழுதிக் கொடுத்தது யார்? முதல் தகவல் அறிக்கையின் நகல் இருக்கிறதா? லாரி பிடிபட்டதா, நிற்காமல் போய்விட்டதா?

தேதி ஏன் முதல் கேள்வி? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு இருக்கிறது. அந்தப் பெண் வந்திருப்பது ஐந்தாவது மாதத்தில் என்றால், கொழுந்தன் சண்டையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிடக் கூடும். விபத்து மனு இந்த வாரமே பேனல் வக்கீல் கைக்குப் போயாக வேண்டும். வண்டி நிற்காமல் போய்விட்டிருந்தால் வழி வேறு. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, அதற்கு வருவாய்த் துறை அதிகாரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

தேதியைப் பிடித்த பிறகு வாழ்க்கையின் மற்ற பக்கங்களைக் கேளுங்கள். கணவர் கட்டடத் தொழிலாளியா, நல வாரியத்தில் பதிந்திருந்தாரா? வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் ஏதாவது உண்டா? வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாரா? அப்புறம் அந்தக் கொழுந்தன் விஷயம்: ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணைச் சட்ட வழி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அவரை அனுப்பலாம். அழுதுகொண்டு ஒரு பிரச்சினையோடு வந்தவருக்கு இப்படி ஐந்தாறு இடத்தில் வேலை இருக்கும். அத்தனையையும் ஒரே நாளில் அவர் தலையில் கொட்டக் கூடாது. ஒரு வெள்ளைத் தாளில் முதலில் போக வேண்டிய இடம், இரண்டாவது, மூன்றாவது என்று பெரிய எழுத்தில் எழுதி, என்றைக்குப் போக வேண்டும் என்பதையும் போட்டு அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பிள்ளையை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மற்ற சில கெடுக்களும் விரல் நுனியில் இருக்க வேண்டும். செக் திரும்பியது என்று வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். கைமாற்றுக் கடன், புரோநோட்டுக்கு 3 ஆண்டு. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கெடு முடிந்துவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக "இனி ஒன்றும் முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் வழி சிலவற்றில் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் வக்கீல்.

தாள்களைக் கையாள்வது

அசல் ஆவணத்தை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்து, நகல் எடுத்து, அசலை அப்போதே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்திரம், பட்டா, திருமணப் பதிவு, சாதிச் சான்று எதுவானாலும் இதே விதி. பையில் கிடக்கும் எல்லாத் தாளையும் தேதி வரிசையில் அடுக்குங்கள், அடுக்கும்போதே பாதிக் கதை தெளிந்துவிடும். "நோட்டீஸ் எதுவும் வரல" என்று சொன்னவர் பையிலேயே பிரிக்காத பதிவுத் தபால் ஒன்று கிடக்கலாம்.

வழக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்ணைக் கேளுங்கள். 16 இலக்கமுள்ள அந்த எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ அடுத்த வாய்தா, எந்த நீதிமன்றம், கடைசியாக என்ன உத்தரவு என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் இல்லாவிட்டால் தரப்பினர் பெயரை வைத்துத் தேடலாம்.

மனு எழுதுவது

நல்ல மனு சிறியது. யார் எழுதுகிறார், யாருக்கு, என்ன நடந்தது, என்ன வேண்டும், இந்த நான்கும் ஒரு பக்கத்தில் வந்துவிட வேண்டும். நடந்ததைத் தேதி வாரியாக எண் போட்டு எழுதுங்கள். ஒரு பத்தியில் ஒரு சம்பவம். "பலமுறை துன்புறுத்தினார்" என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்காது. "தீபாவளிக்கு மறுநாள் இரவு குடித்துவிட்டு வந்து வலது கையில் அடித்தார், அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன்" என்று எழுதினால் அதில் பிடிமானம் இருக்கிறது. தேதி நினைவில்லை என்றால் திருவிழா, பிள்ளையின் பரீட்சை, மழை பெய்த நாள் என்று கேட்டுக் கேட்டு நெருங்கலாம். அப்படியும் தெரியாவிட்டால் 'சுமார்' என்று போடுங்கள், நீங்களாக ஒரு தேதியை நிரப்பாதீர்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு தேதி அவர் வழக்கையே கெடுத்துவிடும்.

எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "நான் இப்படிச் சொல்லலையே" என்று ஓர் இடத்தில் தடுத்தால் மகிழ்ச்சியோடு திருத்துங்கள். மனு அவருடையது. கையெழுத்தோ கைரேகையோ வாங்கிய பின் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி அவரிடம் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இலவச வக்கீலுக்கான விண்ணப்பமும் இப்படித்தான். தமிழிலேயே எழுதலாம். தேசிய ஆணைக்குழுவின் 2010 விதிமுறைகள்படி இதன்மேல் கூடுமானவரை 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு என்பதையும் விண்ணப்பித்தவருக்குச் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும்: பேனல் வக்கீலுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு எல்லாவற்றையும் ஆணைக்குழு ஏற்கும். யாராவது கேட்டால் செயலாளருக்கு எழுதலாம்.

எந்த விஷயம் எங்கே போகும்

மகன் கவனிக்காத பெற்றோர், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு. வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர் என்றால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிப்பேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள், வழக்கு பெரும்பாலும் அதைப் பொறுத்தே நகரும். ஜீவனாம்சம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு. போலீஸ் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அப்புறமும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகார் கொடுத்தவருக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் இலவச நகலும் கிடைத்தே ஆக வேண்டும். குற்றத்தால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கான இழப்பீடு நம் ஆணைக்குழு வழியாகவே வருகிறது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

மின்சாரம், தபால், இன்சூரன்ஸ், மருத்துவமனை, போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளைப் பற்றிய தகராறுகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் உண்டு.

மக்கள் நீதிமன்ற நாள்

மக்கள் நீதிமன்றம் என்பது இரு தரப்பும் பேசிச் சமரசமாக வழக்கை முடித்துக்கொள்ளும் இடம். தேசிய அளவிலான மக்கள் நீதிமன்றம் வழக்கமாக ஒரு சனிக்கிழமையில் நடக்கும். அன்று நீதிமன்ற வளாகம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். உங்கள் வேலை பல வாரம் முன்பே ஆரம்பித்துவிடும்: நோட்டீஸ் சேர்ப்பது, தரப்பினரைக் கண்டுபிடிப்பது, இது என்ன என்று புரிய வைப்பது. வங்கிக் கடன், விபத்து இழப்பீடு, செக் வழக்கு, பணத் தகராறு போன்றவை இங்கே முடிகின்றன. சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்காத குற்ற வழக்குகளும் விவாகரத்தும் இங்கே வராது.

இங்கே முடிவானது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இதைக் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொருவருக்கும் தெளிவாகச் சொல்வது நம் கடமையிலேயே பெரியது என்று நினைக்கிறேன். எண்ணிக்கை கூட வேண்டும் என்ற ஆசையில் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. தொகையைப் பார்த்து முகம் வாடுகிற ஒரு பாட்டியைத் தனியே அழைத்து, "உங்களுக்கு இது சம்மதமா? வேண்டாம்னா வழக்கு வழக்கம்போல நடக்கும், உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை" என்று சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்றால் அதுவும் சரியான முடிவுதான். சமரசம் ஆகிவிட்டால், நிலுவையில் இருந்த வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதை வாங்கித் தரும் வேலையையும் பின்தொடருங்கள்.

காவல் நிலையமும் சிறையும்

காணாமல்போன குழந்தைகள் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு காவல் நிலையங்களிலும் தன்னார்வலர்களைப் பணியமர்த்துகிறார்கள். அங்கே போகும்போது அடையாள அட்டை கழுத்தில் இருக்க வேண்டும், ஆணைக்குழுவின் பணி ஆணை பையில் இருக்க வேண்டும். யாரோடும் வாக்குவாதம் வேண்டாம். கைதானவர் பெயர், நேரம், குடும்பத்துக்குத் தகவல் போனதா, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுவாரா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடலில் காயம் தெரிந்தால் அதையும். வெளியே வந்ததும் செயலாளருக்கோ பாதுகாப்பு வக்கீலுக்கோ போன் செய்யுங்கள். அதற்கு மேல் அவர்கள் பார்ப்பார்கள்.

சிறைக்கு ஆணைக்குழுவின் அனுமதியோடு மட்டுமே போக முடியும். அங்கே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை ஒரு சின்னக் கணக்கு. விசாரணைக் கைதி ஒருவர் மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை எவ்வளவு, இதுவரை உள்ளே எவ்வளவு நாள் இருந்துவிட்டார்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனையே பெறாதவர் அதிகபட்சத்தில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் கழித்துவிட்டால் விடுவிக்கக் கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. மூன்றாண்டு தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டில் முதல்முறை சிக்கியவருக்கு ஓராண்டு முடிந்தாலே இந்த வழி திறக்கும். இன்னொரு பட்டியலும் கேளுங்கள்: ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள். 7 நாளில் வெளியே போகாதவர்களைப் பற்றிச் சிறை நிர்வாகம் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவருடைய ஊருக்குப் போய் அண்ணனையோ மாமாவையோ தேடிப் பிடித்துப் பேசுகிற வேலையை நம்மைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

குழந்தைகளும் பாலியல் வன்முறையும்

இங்கே வேறு எல்லாவற்றையும்விட நிதானம் தேவை. குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. குடும்பம் சமாதானமாகப் போய்விட்டது என்பது காரணமாகாது. குழந்தையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் செயலாளருக்கும் தகவல் கொடுத்துவிட்டு, குழந்தைக்குப் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். பெயர், பள்ளி, தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் யாரிடமும் பேசக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். விழிப்புணர்வு முகாமில் எடுத்துக்காட்டாகச் சொல்லும்போதுகூட ஊரையும் சம்பவத்தையும் மாற்றிச் சொல்லுங்கள்.

தாண்டக் கூடாத கோடுகள்

பணம், பழம், புடவை, பேருந்துக் கட்டணம் எதையும் வாங்கக் கூடாது. அன்போடு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ஊரில் நாலு பேர் பார்த்தால் அடுத்து வருகிறவர் எதையாவது கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார்.

எந்த வக்கீல் பெயரையும் நீங்களாகப் பரிந்துரைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் தரப்புக்காக வாதாடவும் கூடாது. வக்கீலாகப் பதிவு செய்யாதவர் வக்கீல் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை. சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கலாம், எங்கே போகலாம் என்று சொல்லலாம். "உங்க கேஸ் கண்டிப்பா ஜெயிக்கும்" என்றும் "இதுல ஒண்ணும் வராது" என்றும் சொல்லக் கூடாது. அடிபட்டு வந்த பெண்ணிடம் "அனுசரிச்சுப் போங்க" என்று சொல்வதும் இந்தக் கோட்டைத் தாண்டுவதுதான். அவர் என்ன முடிவு எடுப்பது என்பது அவர் கையில்.

உங்கள் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ எதிர்த் தரப்பாக இருந்தால், அதைச் செயலாளரிடம் சொல்லி அந்த விஷயத்தை வேறு தன்னார்வலருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நாட்குறிப்பும் பின்தொடர்தலும்

தினமும் செய்ததை எழுத வேண்டும், மாதம் ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இதை வெறும் கணக்குக் காட்டும் வேலையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர் பெயர், விஷயம், எங்கே அனுப்பினோம், அடுத்து எந்தத் தேதியில் விசாரிக்க வேண்டும் என்று நான்கு பத்தி போட்டு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்திதான் முக்கியம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பத்தியைப் பார்த்து அந்த வாரம் போன் செய்ய வேண்டியவர்களுக்குச் செய்யுங்கள். மனு எழுதிக் கொடுத்தவர்களில் நிறையப் பேர் முதல் அலுவலகத்தில் "நாளைக்கு வா" என்றதுமே விட்டுவிடுகிறார்கள். "போனீங்களா? என்ன சொன்னாங்க?" என்று ஒரு குரல் கேட்டால் மறுபடியும் போவார்கள்.

நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பேருந்தில் மறந்து வைத்துவிட்டால் பத்துக் குடும்பத்தின் ரகசியம் தெருவுக்கு வந்துவிடும். முதல் பக்கத்தில் அவசர எண்களை எழுதி ஒட்டுங்கள்: சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, எல்லா அவசரத்துக்கும் 112.

பணிக்காலம் முடிந்து வெளியேறும்போது, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முடியாமல் இருக்கும் விஷயங்களை மட்டும் தனித்தாளில் எழுதி, அடுத்த தேதியோடு செயலாளரிடம் ஒப்படையுங்கள். அந்தந்தக் குடும்பத்துக்கும் போன் செய்து, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று புதியவரின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.